கிட்டங்கியில் நிற்கும் வேன்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12 மே 2024

நம்பி அவர்களுக்கு,

உலகம்மை எழுதுவது. உங்கள் விலாசத்தைக் கரமனை ஷிபுவிடம் வாங்கினேன். வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற ஷிபுதான். "நம்பர் மட்டும் கேட்கண்டா சேச்சி, அட்ரஸ் தராம்" என்றார். பழைய நம்பரில் உங்களைக் கூப்பிட்டுப் பார்த்து வெகு நாளாகிறது. அதனால் போனில் பேச வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

விஷயம் வண்டியைப் பற்றியது. உங்கள் அண்ணன் காலமாகி, அதன் பிறகு நீங்களும் ஊரைவிட்டுப் போய், ஒன்றரை வருஷத்துக்கு மேலாக வேன் நம் பப்படச் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்குள் அப்படியே நிற்கிறது. கடையை வாடகைக்கு விட்டுவிட்டேன். கிட்டங்கியை மட்டும் விடவில்லை. போன மாதம் ஷிபுவை வரச் சொல்லிப் புது பேட்டரி போட்டேன். டயருக்குக் காற்று அடித்து, டீசலை மாற்றி, சாவியைத் திருகினதும் ஸ்டார்ட் ஆனது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினால் சிரிப்பீர்கள்.

பன்னிரண்டு நாள் கழித்துத் திருகினேன். சத்தமே இல்லை. ஷிபு கழற்றிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி மாட்டினார். மறுபடி பத்தே நாளில் அதே கதை. "தொண்ணூற்றொன்பது மாடல் வண்டி, இனி ஆரு ஓட்டான்? ஆக்ரிக்குக் கொடுத்தா மதி சேச்சி" என்கிறார். பழைய இரும்புக்குப் போட எனக்கு மனமில்லை.

அந்த வண்டி உங்கள் கைக்குத்தான் பழக்கம். பேட்டரி இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அது ஒன்று போதும். வேறெதுவும் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

உலகம்மை


மினிக்காய்
30 மே 2024

மைனிக்கு,

கடிதம் வந்தது. "அவர்கள்" போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் கொழுந்தன்தானே, அந்த வீட்டு மாடியில் இருந்த வாடகைக்காரன் இல்லையே. அது போகட்டும்.

பேட்டரியைப் பார்க்க டிரைவர் சீட்டைத் தூக்க வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பானர், சீட்டுக்குப் பின்னால் உள்ள தகர டப்பாவில் இருக்கும். முதலில் கறுப்பு ஒயரைக் கழற்றுங்கள், நெகட்டிவ். அப்புறம்தான் சிவப்பு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இதை மாற்றிச் செய்து ஸ்பானர் தகரத்தில் பட்டால் பொறி பறக்கும். பேட்டரி புதுசாக இருக்கலாம், ஒயரின் நுனியிலுள்ள கிளாம்ப் பழசு. பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். வெந்நீரில் சோடா உப்புக் கரைத்து ஊற்றி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும்.

வாரத்துக்கு இரண்டு தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். கிட்டங்கியின் இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்த பிறகுதான். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

நான் இந்தத் தீவில் ஒரு ஐஸ் ஆலையில் ஜெனரேட்டர் பார்க்கிறேன். வேலை மோசமில்லை. மதியம் ஒரு மணி நேரம் எஞ்சினை நிறுத்துவோம். அப்போது காதுக்குள் ஒன்றும் இருக்காது, கொஞ்ச நேரம் போனபின் மெதுவாகக் கடல் வரும். இனி மழைக்காலம், கப்பல் குறைவு. பதில் தாமதமானால் நான் எழுதவில்லை என்று நினைக்க வேண்டாம்.

அழகியநம்பி


ஆரியசாலை
16 ஜூன் 2024

நம்பிக்கு,

"அவர்கள்" உனக்குக் கோபம் வரவழைக்கிறதென்றால் நீ என்றே எழுதுகிறேன். நான் கல்யாணமாகி வந்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்கு நீ என்றவள் இன்றைக்கு நீங்கள் என்றால் எனக்கே யாருக்கோ எழுதுகிற மாதிரிதான் இருந்தது.

சொன்னபடி செய்தேன். முதலில் கறுப்பு, முதலில் கறுப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கழற்றினேன். நீ சொன்ன பச்சைப் பொடி கிளாம்ப் முழுக்க இருந்தது. சோடா உப்புத் தண்ணீர் பட்டதும் நுரைத்துக்கொண்டு வந்தது. கழுவித் துடைத்ததும் உள்ளே ஈயம் புதுசாக மின்னியது. இத்தனை நாள் எத்தனையோ பாத்திரம் தேய்த்திருக்கிறேன், இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலு மணிக்குக் கிட்டங்கியைத் திறக்கிறேன். ஸ்டார்ட் செய்துவிட்டுப் பத்து நிமிஷம் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது இடவப்பாதி, தென்மேற்குப் பருவமழை. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் தெரு முழுக்க வெள்ளையாகத் தண்ணீர் இறங்கும். எஞ்சின் ஓடினால் சீட்டு, கண்ணாடி, என் கைவளை எல்லாம் சேர்ந்து நடுங்கும். மழையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் மழை நின்று வண்டி நகர்கிற மாதிரி இருக்கும். எதிர்ச்சுவர் மெதுவாகப் பின்னால் போகும். நான் எந்த ஊருக்கும் போவதில்லை. ஊர்ப் பலகை ஒன்றும் இல்லாத ஒரு ரோடு, இரண்டு பக்கமும் ஈரமான ரப்பர் மரங்கள், முன்னால் வளைவு. வளைவுக்கு அப்புறம் என்ன என்று தெரிவதற்குள் பத்து நிமிஷம் முடிந்துவிடும். சாவியைத் திருப்பி நிறுத்துவேன். சுவர் மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கேட்க வந்தது வேறு. போன வெள்ளிக்கிழமை மறுபடி திணறியது. மூன்றாவது தடவைதான் எஞ்சின் பிடித்தது. ஷிபுவின் மீட்டரில் பன்னிரண்டு வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. நான் எதைத் தப்பாகச் செய்கிறேன்?

மைனி


மினிக்காய்
9 ஜூலை 2024

மைனிக்கு,

தப்பு உங்களுடையது இல்லை, நான் முழுசாகச் சொல்லவில்லை. ஸ்டார்ட் ஆவதற்கு பேட்டரி ஒரே மூச்சில் நிறையக் கொடுக்கிறது. நின்ற இடத்தில் பத்து நிமிஷம் எஞ்சின் ஓடினால் அதில் பாதிகூடத் திரும்பி ஏறாது. ஒவ்வொரு தடவையும் நீங்கள் போட்டதைவிட எடுத்ததுதான் அதிகம். வண்டி ரோட்டில் ஓட வேண்டும். வாரம் ஒரு தடவை போதும், ஆனால் முக்கால் மணி நேரமாவது நிறுத்தாமல் ஓட வேண்டும். ஷிபுவை ஓட்டச் சொல்லுங்கள், அல்லது ஓட்டத் தெரிந்த யாரையாவது பாருங்கள்.

அப்படிப் பார்த்தாலும் பத்து நாளில் இப்படி இறங்கக் கூடாது. சாவி எடுத்த பிறகும் எதுவோ குடித்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு சின்ன டெஸ்ட் லாம்பை வைக்கச் சொல்லுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதும் அது எரிந்தால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அதுதான் திருடன். கண்டுபிடிக்கும் வரை, வண்டி நிற்கும்போதெல்லாம் கறுப்பு ஒயரைக் கழற்றியே வையுங்கள்.

கேபின் லைட்டையும் பாருங்கள். அதை நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லைதான். இந்த உலகத்தில் அந்த லைட்டைப் பற்றி என்னைவிட அதிகமாக யோசித்தவன் இருக்க மாட்டான். அண்ணன் போவதற்கு முந்தின நாள், ஆற்றிங்கல் கடைகளுக்குப் பப்படம் போடுகிற லைனை முடித்துவிட்டு மூன்றரை மணிக்கு வண்டியைக் கிட்டங்கியில் விட்டேன். காலித் தட்டுகளை இறக்கும்போது லைட் போட்டேன். அணைத்தேன் என்றுதான் என் கை சொல்கிறது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஓடிப்போய்ச் சாவியைத் திருகினேன். டிக் டிக் என்று இரண்டு சத்தம். தலைக்கு மேலே அந்த பல்பு சாகப்போகிற மாதிரி மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்த பிறகு கை சொல்வதை யார் நம்புவது? ஆட்டோ கிடைக்க இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், "கொஞ்சம் நேரத்தே கொண்டு வந்திருந்தா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இங்கே வேலை முடிந்து போகும்போது ஸ்விட்ச் போர்டை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன். தீவுக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் தண்ணீர் இறங்கினால் பவளப்பாறைக்குள் இருக்கிற கடல் வயல் மாதிரி அசையாமல் கிடக்கிறது. முழங்கால் ஆழத்தில் வெகு தூரம் நடந்து போகலாம். திரும்பிப் பார்த்தால் கரை மரங்கள் மட்டும் சின்னதாகத் தெரியும், மனுஷர் யாரும் தெரியாது. அங்கே நிற்கும்போது மட்டும் எதையாவது அணைத்தோமா இல்லையா என்ற எண்ணம் வராது.

அழகியநம்பி


ஆரியசாலை
18 ஆகஸ்ட் 2024

நம்பிக்கு,

திருடன் அகப்பட்டுவிட்டான். ஷிபு நீ சொன்ன மாதிரியே பல்பை வைத்தார், எரிந்தது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாலாவதைப் பிடுங்கியதும் அணைந்தது. உன் அண்ணன் ஆசைப்பட்டுப் பொருத்தின பாட்டுப்பெட்டி. சாவியோடு சேர்க்காமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்திருக்கிறார் யாரோ. "இவனாணு கள்ளன் சேச்சி" என்று ஷிபு துள்ளினார். ஒயரைத் துண்டித்துவிட்டோம். இருபது நாளாயிற்று, மீட்டரில் 12.6க்குக் குறையவில்லை.

வண்டி ஓட வேண்டும் என்று எழுதியிருந்தாய். யாரையும் கூப்பிடவில்லை. நானே ஓட்டுகிறேன். கரமனையில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற ஆஷா என்று ஒரு பெண். அவளை இங்கே வரச் சொல்லி, நம் வண்டியிலேயே எல் போர்டு கட்டி ஓட்டிப் பழகுகிறேன். ஐம்பத்தொரு வயதில் இது என்ன கிறுக்கு என்று தெருவே பார்க்கிறது. "பயப்படண்டா சேச்சி, க்ளட்ச் மெல்ல மெல்ல விடணும், உறங்குகிற குட்டியைத் தொட்டில்ல கிடத்துகிற மாதிரி" என்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னதும் கால் புரிந்துகொண்டது. கிள்ளிப்பாலம் தாண்டி, கரமனைப் பாலம் தாண்டி, நெய்யாற்றின்கரை ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு வருகிறோம். வளைவுக்கு அப்புறம் இன்னொரு வளைவு இருக்கிறது நம்பி. இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லை.

இங்கே இந்தக் கடிதத்தை முடித்திருக்கலாம். உன்னுடைய போன கடிதம் வந்த நாளிலிருந்து அப்படி முடிக்கிற கடிதத்தைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டுப்பெட்டி அப்போதே குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், அதுதான் காரணமாக இருக்கும் என்று ஷிபு சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஆறுதல் அடையப் பார்த்தேன். முடியவில்லை.

அந்த லைட்டைப் போட்டவள் நான்.

யாருக்கும் தெரியாமல் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நீ லைன் முடித்து வந்து மாடிக்குப் போன பிறகு, உன் அண்ணன் கடையிலிருந்து வருவதற்குள், கிட்டங்கிக்குப் போய் வேனுக்குள் உட்காருவேன். கதவைச் சாத்திவிட்டால் பப்பட வாசனையும் டீசல் வாசனையும் மட்டும். ரேடியோவைச் சின்னதாக வைப்பேன். எங்கேயாவது போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட எங்கே போகலாம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. வேனுக்குள் நானே என்னைக் கேட்டுக்கொள்வேன்.

அன்றைக்கு ஐப்பசி மழை, கிட்டங்கிக்குள் இருட்டு. லைட்டைப் போட்டேன். நான் போகும்போது அது அணைந்துதான் இருந்தது, நம்பி. உன் கை சொன்னதுதான் சரி. ரேடியோ கேட்டபடி கண்ணயர்ந்துவிட்டேன். உன் அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து "உலகம்மா" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் பதறி இறங்கி ஓடினேன். ரேடியோவை நிறுத்தினேன். லைட்டை அணைக்கவில்லை.

காலையில் நீ, "மைனி, லைட்டு எரிஞ்சிக்கிட்டே கெடந்திருக்கு" என்று கத்தினாயே, அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் தெரிந்ததில்லை. அதிர்ச்சியில் மறந்ததும் இல்லை. தெரிந்துகொண்டேதான், "நேத்து கடைசியா வண்டி எடுத்தது நீதானே" என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வர வர அதையே சொன்னேன். நயினார் பெரியப்பா உன் கையைப் பிடித்து விலக்கி, "வெளக்க அணைக்கத் தெரியாதவன் கொள்ளி வைக்க வேண்டாம்" என்று அவர் மகன் வினீத்தை முன்னால் விட்டபோது, நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். என் வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. உன் அண்ணன் போனது ஒரு பயம், எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்பது இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. இதைத்தான் என்னால் சொல்ல முடியாமல் இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை.

உலகம்மை


மினிக்காய்
14 செப்டம்பர் 2024

மைனிக்கு,

கடிதம் வந்து பத்து நாளாகிறது.

என் அண்ணன் சிதைக்குப் பக்கத்தில் என்னை நிற்க விடவில்லை. நான் சாந்திகவாடம் மயானத்துக்கு வெளியே ரோட்டில், யாரோ ஒருவருடைய ஸ்கூட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றேன். புகை வெளியே வந்தபோது அது அண்ணனுடையதா, வேறு யாருடையதா என்றுகூடத் தெரியவில்லை. பதினாறு நாள் அந்த வீட்டில் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. என்மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்தேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதை வீடு நிறைய ஆட்கள் கேட்டார்கள். இதை எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

இனி வண்டியில் எதுவானாலும் ஷிபுவிடம் கேளுங்கள்.

அழகியநம்பி


ஆரியசாலை
3 நவம்பர் 2024

நம்பிக்கு,

இந்தக் கடிதத்தைப் பிரிப்பாயா என்று தெரியாது. பிரிக்காவிட்டாலும் நடந்தது நடந்ததுதான்.

போன வாரம் உன் அண்ணனுக்கு ஆண்டுத் திதி. பெரியப்பா, சாவித்ரி பெரியம்மை, வினீத் எல்லாரும் வந்திருந்தார்கள். நாகர்கோவிலிலிருந்து என் வீட்டு ஆட்களும். இருபது பேருக்குக் குறையாது. வினீத் மனைப்பலகையில் உட்கார்ந்துவிட்டான். நான் எழுந்து நின்றேன். பாலத்தில் முதல் தடவை வண்டியை இரண்டாம் கியரில் ஏற்றின நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆஷா பக்கத்தில் இருந்தாள்.

"ஒரு காரியம் சொல்லணும். சொல்லிட்டு ஆரம்பிக்கலாம்" என்றேன். உனக்கு எழுதினதையே சொன்னேன். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. லைட்டைப் போட்டது நான், விட்டது நான், தெரிந்தே உன்மேல் போட்டது நான்.

சாவித்ரி பெரியம்மைதான் முதலில் பேசினாள். "ரெண்டு வருசம் களிஞ்சாச்சு. இனி இது எதுக்கு? மனசுக்குள்ள வச்சுட்டு இருந்திருக்கலாம்லா."

"வச்சுட்டுத்தான் இருந்தேன் பெரியம்மே."

வினீத் பலகையிலிருந்து எழுந்துவிட்டான். "அப்பம் நான் இருந்த எடம் நம்பியண்ணனுக்க எடம்லா?" என்று பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டான். என்னுடைய தம்பி, "வண்டிக்குள்ள தனியா உக்காந்து ரேடியோ கேட்டியா, எதுக்கு?" என்றான். செத்துப்போன ஒருவரையும் ஊர்விட்டுப் போன ஒருவரையும் விட்டுவிட்டு அவனுக்கு அதுதான் கேள்வியாகப் பட்டது. "எங்கயாவது போகணும்னு தோணிச்சு" என்றேன். அந்தப் பக்கம் நின்ற பெண்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த சமையற்காரர் இலை போடலாமா என்று கேட்ட பிறகுதான் காரியம் நடந்தது. வினீத்தே செய்தான், ஆனால் சாஸ்திரிகள் பேர் கேட்கும்போது "அழகியநம்பிக்கு வேண்டி" என்று அவனாகவே சேர்த்துச் சொன்னான். பாதிப் பேர் சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு பார்த்தால் பெரியப்பா கிட்டங்கிக்குள் வேன் பக்கத்தில் நிற்கிறார். "எந்த லைட்டு?" என்று கேட்டார். கதவைத் திறந்து போட்டுக் காட்டினேன். கழுத்தை வளைத்து அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். எண்பது வயது, மூச்சு வாங்கியது.

"இத்தனூண்டு இருக்கு" என்றார்.

அப்புறம், "நான் அவன் கையைப் பிடிச்சுத் தள்ளினேன் உலகம்மா. அவன் ஒண்ணும் சொல்லல. அப்பமே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். லைட்டை அவரே அணைத்தார். "நம்பிக்கு எளுது. வரச் சொல்லி நான் கூப்பிட்டா அது மரியாதை இல்ல. ஆனா நான் இருக்கும்போதே வந்தா ஒருக்கா அவனைப் பாக்கணும்னு எளுது."

எழுதிவிட்டேன். எனக்காக ஒன்றும் எழுதவில்லை. எனக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது தனியாகத்தான் போகிறேன். காலையில் பாப்பனங்கோடு தாண்டும்போது ரோட்டில் பனி தாழ்ந்து நிற்கும். அதற்குள் நுழையும்போது லைட் போடுவேன், வெளியே வந்ததும் அணைப்பேன். உனக்கு எழுத வேண்டியதை அந்த நேரத்தில்தான் யோசித்தேன்.

உலகம்மை


மினிக்காய்
19 நவம்பர் 2024

மைனிக்கு,

கடிதத்தைப் பிரிக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் இறங்கின நேரம் எடுத்துக்கொண்டு கடலுக்குள் நடந்தேன். முழங்கால் தண்ணீரில் நின்று படித்தேன். வினீத் என் பேரைச் சொன்ன இடம் வந்ததும் உட்கார வேண்டும் போலிருந்தது. அங்கே அதற்கு இடமில்லை, தண்ணீருக்குள்தான் உட்கார்ந்தேன். கடிதம் நனைந்துவிட்டது. நனைந்தது நல்லதுதான். உங்கள் எழுத்து பரவிப்போய், கடைசியில் உங்களுடையது எது, பெரியப்பா சொன்னது எது என்று தெரியாமல் ஒரே நீலமாக ஆயிற்று.

கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்ததும் அதுதான் முதலில் எழுந்து உட்காருகிறது. ஆனால் இருபது பேர் முன்னால் எழுந்து நிற்க நான் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களாக நின்றீர்கள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நின்றிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். இருபத்து மூன்று வருஷம் அந்த வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன். தினமும் ஒரு ஊர். வர்றீங்களா மைனி என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? கேட்டதாக ஞாபகமில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது. கொச்சியில் இறங்கி ரயில் பிடித்தால் ஐந்தாம் தேதி காலை ஆறரைக்குத் தம்பானூர் ஸ்டேஷன். பெரியப்பாவை அன்று சாயங்காலம் நானே போய்ப் பார்க்கிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த வருஷத் திதி வரை என்னால் பொறுக்க முடியாது. ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வேண்டாம், நேராகத் திருவல்லம் போகலாம். ஆற்றங்கரையில் அண்ணனுக்கு என் கையால் ஒரு பிடி சோறு வைக்க வேண்டும். எள்ளும் தர்ப்பையும் அங்கேயே கிடைக்கும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். சாவியை என்னிடம் நீட்டாதீர்கள். கியர் மாற்றும்போது வண்டி குலுங்கினால் குலுங்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிற ஆள் இல்லை. நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதை வீட்டில், விளக்கு வைத்த பிறகு, சோறு முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். சண்டை வந்தாலும் வரட்டும்.

திருவல்லத்திலிருந்து திரும்பும்போது நான் உறங்கிப்போவேன் என்று தோன்றுகிறது. கடல் அசைவும் ரயில் அசைவும் உடம்பில் இருக்கும். எங்கே போகலாம் என்று என்னை எழுப்பிக் கேட்க வேண்டாம். உங்களுக்குத் தோன்றுகிற பக்கம் ஓட்டிக்கொண்டே இருங்கள்.

நம்பி